விரல் நுனியில் விளையாட்டு வீரர்கள்

2025 செப்டெம்பர் 18ஆம் திகதி இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். ஆசியக் கிண்ணப் போட்டியில் இலங்கையும் ஆப்கானிஸ்தானும் அபுதாபியில் ஆடிக்கொண்டிருந்தன. ஆப்கானிஸ்தானின் கடைசி ஓவரை வீச வந்தவர் துனித் வெல்லாலகே. மொஹமட் நபி அந்த ஓவரில் ஐந்து சிக்ஸர்கள் அடித்தார். அந்த ஓவரில் மட்டும் 32 ஓட்டங்கள். நானா தலையில் கையை வைத்துக்கொண்டார். வாப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் கைப்பேசியை எடுத்தேன்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. பந்து மேலே பறப்பதை வெல்லாலகே அண்ணாந்து பார்க்கும் படத்தின் கீழ் ஒரு வரி எழுதி யாரோ மீம் ஆக்கியிருந்தார்கள். அது எனக்கு வந்து சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை அப்படியே அந்தக் குழுவில் போட்டேன். அந்த வரியை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஏழு பேர் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு இலங்கை நன்றாகத் துடுப்பெடுத்தாடியது. குசல் மெண்டிஸ் ஆட்டமிழக்காமல் 74 ஓட்டங்கள் எடுத்தார். ஆறு விக்கெட்டுகளால் வெற்றி. மீமை எல்லோரும் மறந்துவிட்டோம். நான் படுக்கப் போன பின்னர் நானா வந்து கதவைத் தட்டி, "வெல்லாலகேட வாப்பா மௌத்தாம்" என்றார். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே கொழும்பில் அவருக்கு மாரடைப்பு. மகனுக்கு ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னார்களாம்.

நான் முதலில் செய்த வேலை அந்த மீமை எல்லோருக்குமாக அழித்ததுதான். அதற்கிடையில் குழுவில் இருந்த ஒருவர் அதைத் தன் வகுப்புக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். அதை என்னால் அழிக்க முடியவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். சமூக ஊடகங்களால் விளையாட்டு வீரர்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால் பலரும் மனவுளைச்சல், புகழ், விளம்பரம் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். எனக்கு அந்தக் கேள்வியைவிட மற்றக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ரசிகர்களான நமக்கு என்ன நடந்திருக்கிறது? என்னை நான் கெட்டவள் என்று நினைப்பதில்லை. என் மச்சிமாரும் கெட்டவர்கள் இல்லை. அப்படியிருந்தும் ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே மிகக் கொடிய இரவில் அவரைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம்.

வெல்லாலகே 2003இல் பிறந்தவர். அன்றைக்கு அவருக்கு 22 வயது, எங்கள் நானாவின் வயது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 2023 செப்டெம்பர் 12ஆம் திகதி, நமது பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 40 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ரோஹித் சர்மா, சுப்மன் கில், விராட் கோஹ்லி, கே.எல். ராகுல், ஹார்திக் பாண்ட்யா என்று ஆட்டமிழந்தவர்களின் பெயர்களே ஒரு உலக அணிபோல இருக்கும். துடுப்பெடுத்தாடும்போதும் ஆட்டமிழக்காமல் 42 ஓட்டங்கள். இலங்கை தோற்றது. ஆனாலும் அன்றிரவு முகநூல் முழுக்க வெல்லாலகேதான். சரியாக ஐந்து நாட்கள் கழித்து அதே மைதானத்தில் இறுதிப் போட்டி. மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுக்க, இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பன்னிரண்டாம் திகதி தலையில் தூக்கி வைத்த அதே பக்கங்கள் பதினேழாம் திகதி முழு அணியையும் குப்பைக் கூடைக்குள் போட்டுப் படம் வரைந்தன. நமது அன்புக்கு ஐந்து நாள்தான் தவணை.

அந்த மரணத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மகன் ஐந்து சிக்ஸர்கள் கொடுத்ததைப் பார்த்துத்தான் தந்தையின் நெஞ்சு நின்றது என்று ஒரு கதை பரவியது. பார்த்தவர் யார், சொன்னவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கதை கேட்பதற்கு உருக்கமாக இருந்தது, அது போதுமாக இருந்தது. ஒரு மகன் வாழ்நாள் முழுக்க இந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டிவரும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அழுகை முகக்குறியோடு எழுதப்பட்டாலும் அது எனது மீமைவிடக் கொடுமையானது என்றே நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு காணொளிகள் வந்தன. ஒன்றில் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் வெல்லாலகேயிடம் செய்தியைச் சொல்கிறார்கள், பயிற்றுநர் சனத் ஜயசூரிய அவரது தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். மற்றதில் ஊடகவியலாளர் ஒருவர் நபியிடம் விடயத்தைச் சொல்ல, அவர் நம்ப முடியாமல் திரும்பிக் கேட்கிறார். நபி பிறகு தனது பக்கத்தில் அனுதாபம் தெரிவித்து, வெல்லாலகேயைச் சகோதரர் என்று விளித்து எழுதியிருந்தார். அது நல்ல மனிதரின் செயல். ஆனால் முதலாவது காணொளியை யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் ஒரு மௌத் விழுந்தால், செய்தி சொல்லப் போகிறவர் வாசலில் நின்று எவ்வளவு யோசிப்பார்! பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, கதவைச் சாத்தி அல்லவா சொல்வார்கள்? ஒரு மகன் தன் தந்தையின் இறப்பைக் கேட்கும் கணத்தை இலட்சக்கணக்கானோர் பார்த்தோம். நான் மூன்று தடவை பார்த்தேன். பரிதாபப்பட்டுத்தான் பார்த்தேன். இருந்தாலும் பார்த்தேன்.

அந்தக் காலத்து ரசிகர்கள் நல்லவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் கெட்டுவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. வாப்பா கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். 1996 உலகக் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் வீதியிலுள்ள அத்தனை பேரும் நெருக்கியடித்துப் பார்த்த கதையை எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதே உலகக் கிண்ணத்தில்தான் மார்ச் 13ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் அரையிறுதி நடந்தது. இந்தியா தோற்கப்போவதைப் பொறுக்காத ரசிகர்கள் போத்தல்களை எறிந்து, இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆட்டத்தைத் தொடர முடியாமல் வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அப்போது யார் கையில் வட்ஸ்அப் இருந்தது?

ஆத்திரம் பழையதுதான். அது போகும் பாதை மட்டும் மாறியிருக்கிறது. ஈடன் கார்டன்ஸில் போத்தல் எறிந்தவர் மைதானத்துக்கு வந்து, ரிக்கெட் வாங்கி, பொலிஸ்காரருக்குப் பயந்து எறிய வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவரும் வீட்டுக்குப் போய்விட்டார். வாப்பா இன்றைக்கும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் ஏசுவார். "கண் தெரியுமாடா உனக்கு!" என்று அவர் போடும் சத்தம் கீழ் மாடி வரைக்கும் கேட்கும். ஆட்டக்காரருக்குக் கேட்காது. ஏசி முடித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். உம்மாவைத் தவிர யாருக்கும் அதனால் தொல்லையில்லை. நமது ஏச்சு அப்படியில்லை. அது ஆட்டக்காரரின் சட்டைப் பைக்குள் போய் விழுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. சர்வதேசப் போட்டி நடக்கும்போது வீரர்கள் கைப்பேசி வைத்திருக்க முடியாது. ஆட்ட நிர்ணய மோசடியைத் தடுப்பதற்காக அதை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரு பிடியைத் தவறவிட்டவர் அந்த மூன்று நான்கு மணித்தியாலங்களும் தன்னைப்பற்றி வெளியே என்ன பேசுகிறார்கள் என்பதை அறியமாட்டார். ஆட்டம் முடிந்து, களைத்துப்போய், உடை மாற்றும் அறையில் அந்தச் சின்னப் பெட்டியைத் திரும்ப வாங்கித் திறக்கும்போது எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும். உம்மாவின் செய்தியும் அதற்குள்தான் இருக்கும், எங்கிருந்தோ வந்த சாபமும் அதற்குள்தான் இருக்கும்.

சாபம் என்று சும்மா சொல்லவில்லை. 2021 ஒக்டோபர் 24ஆம் திகதி துபாயில் நடந்த ரி20 உலகக் கிண்ண ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டுகளால் தோற்றது. பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டம் அது. ஆனால் இணையத்தில் வசை முழுக்க ஒருவருக்குத்தான், மொஹமட் ஷமிக்கு. அணியில் இருந்த முஸ்லிம் அவர். துரோகி என்றார்கள், பாகிஸ்தானுக்குப் போ என்றார்கள். சில நாட்களின் பின்னர் அணித்தலைவர் விராட் கோஹ்லி செய்தியாளர் முன்னிலையில் ஷமிக்காகப் பேசினார். மதத்தின் பெயரால் ஒருவரைத் தாக்குவதைப்போல் கேவலம் இல்லை என்ற கருத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்குப் பரிசாக, ஒரு வயதுகூட நிரம்பாத அவருடைய பெண் குழந்தைக்கு டுவிட்டரில் பாலியல் வன்முறை மிரட்டல் வந்தது. சந்தேகத்தின் பேரில் ஹைதராபாத்தைச் சேர்ந்த 23 வயது மென்பொருள் பொறியியலாளர் ஒருவரை மும்பைப் பொலிஸார் கைது செய்தனர். அந்த வழக்கு பின்னர் இரத்தாகிவிட்டது. படிக்காதவர்கள், வேலையில்லாதவர்கள்தான் இப்படி எழுதுவார்கள் என்ற என் நினைப்பும் அந்தச் செய்தியைப் படித்த அன்றோடு போய்விட்டது.

அதற்கு ஒரு வருடம் முன்னர், 2020 ஒக்டோபரில், நம் முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைப் பற்றிய '800' படத்தில் நடிக்க விஜய் சேதுபதி ஒப்புக்கொண்டபோதும் இதுதான் நடந்தது. முரளிதரனின் அரசியல் கருத்துகளில் தமிழர் பலருக்கு உண்மையான மனக்காயம் இருந்தது, அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் அந்த விவாதத்துக்குள் விஜய் சேதுபதியின் மகளுக்குப் பாலியல் மிரட்டல் விடும் அளவுக்கு ஒருவர் போனார். முரளிதரனே கேட்டுக்கொண்டதற்கிணங்க நடிகர் விலகினார். படம் வேறொருவர் நடித்து 2023இல் வெளிவந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழியரே. ஆடியவர் ஆண், நடிக்கவிருந்தவர் ஆண், ஏசியவரும் ஆண். மிரட்டல் மட்டும் மகளுக்கு. கிரிக்கெட் மட்டையை இன்னும் கையால் தொடாத ஒரு குழந்தை ஏன் இதற்குள் வர வேண்டும்? ஒரு மனிதரை எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று தேடும் கூட்டம், மதம் இருந்தால் மதத்தைக் குத்துகிறது. 2022இல் ஒரு பிடியைத் தவறவிட்ட அர்ஷ்தீப் சிங்கைக் காலிஸ்தானி என்றது அப்படித்தான். நிறம் இருந்தால் நிறத்தைக் குத்துகிறது. 2021 ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் ரஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா மூவரும் பட்ட பாடு உலகமே அறிந்தது. இவை எதுவும் இல்லையென்றால் வீட்டுப் பெண்களைத் தேடி வருகிறது.

இது எங்கேயோ நடப்பதல்ல. 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி இலங்கை துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது எங்கள் வீதியிலும் பட்டாசு வெடித்தது. எரிபொருள் வரிசையிலும் மின்வெட்டிலும் களைத்துப்போயிருந்த அந்த வருடத்தில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்த இரவு அது. நான் ஒரு பக்கத்தில் இலங்கைக் கொடியைப் போட்டு வாழ்த்து எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரைப் பார்த்துவிட்டு, "உங்கள் அணி தோற்றுப்போச்சே, கவலையா?" என்று கேட்டிருந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் வாழ்த்தையே அழித்துவிட்டேன்.

எங்கள் சின்ன மாமா பாகிஸ்தான் ரசிகர்தான், அதை மறைக்க வேண்டிய தேவையில்லை. வசீம் அக்ரமின் பந்துவீச்சில் மயங்கியவர் அவர். கொழும்பில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வந்தால் பாதி வீதிக்குப் பிரேசில் கொடி, மீதிக்கு ஆர்ஜென்டினா கொடி. அவர்களில் யாரையும் போர்த்துக்கேய மொழி பேசும் ஊருக்குப் போகச் சொல்லி இதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதவில்லை என்றாகும். 2021 ஜூனில் இங்கிலாந்தில் மூன்று ரி20 ஆட்டங்களிலும் இலங்கை தோற்றபோது, நமது ரசிகர்கள் வீரர்களின் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்தும் ஒரு இயக்கத்தைத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. யாரையும் ஏசவில்லை, யாருடைய வீட்டாரையும் இழுக்கவில்லை. பின்தொடர்வோரின் எண்ணிக்கைதான் வீரருக்கு விளம்பர வருமானம் என்பதைப் புரிந்துகொண்டு அதில் கை வைத்தார்கள். அதே நாட்களில் டர்ஹாம் நகர வீதியில் குசல் மெண்டிஸ், தனுஷ்க குணதிலக்க, நிரோஷன் டிக்வெல்ல மூவரும் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி நின்றதை ஒருவர் எடுத்த காணொளிதான் வெளிக்கொண்டு வந்தது. மூவரும் நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டு, ஒரு வருடத் தடையும் பெற்றார்கள். அந்தத் தடை அடுத்த ஜனவரியில் நீக்கப்பட்டது. செய்த காரியத்தைக் கேள்வி கேட்பதற்குக் கைப்பேசி உதவுமென்றால் அதை யார் வேண்டாம் என்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால், 2025இல் அந்த 74 ஓட்டங்களால் எங்களைத் தூங்க வைத்தவரும் அதே குசல் மெண்டிஸ்தான்.

நமது மகளிர் அணியையும் நினைத்துக்கொள்கிறேன். சமரி அத்தபத்துவின் துடுப்பாட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது தொலைக்காட்சியில் அல்ல, யூரியூப் துண்டொன்றில். 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது, எங்கள் வகுப்பில் கிரிக்கெட் பார்க்காதவர்கள்கூட அந்தத் துண்டுகளைப் பகிர்ந்தார்கள். அந்த இரவில் மட்டும் கருத்துப் பெட்டிகளைத் திறக்க எனக்குப் பயம் வரவில்லை. மற்ற நாட்களில் 'சமையலறை' என்ற சொல் இல்லாத கருத்துப் பெட்டியை மகளிர் கிரிக்கெட்டுக்குக் கீழே காண்பது அரிது.

இதற்கு மருந்து என்ன? சட்டம் என்கிறார்கள். நம் நாட்டிலும் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அரசாங்கத்தை விமர்சிப்பவர்களின் வாயை மூடவே அது பயன்படும் என்று பலர் அஞ்சினார்கள். எனக்கும் அந்த அச்சம் உண்டு. தொழில்நுட்பம் என்கிறார்கள். 2024 மகளிர் ரி20 உலகக் கிண்ணத்தின்போது வீராங்கனைகளின் பக்கங்களிலிருந்து வசைகளை வடிகட்டச் சர்வதேச கிரிக்கெட் பேரவை செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியது. நல்லதுதான். ஆனால் சிங்களத்தையும் தமிழையும் ஆங்கில எழுத்தில் கொச்சையாக எழுதி ஏசும் நமது திறமைக்கு எந்த வடிகட்டி ஈடுகொடுக்கும்? டென்னிஸில் 2024ஆம் ஆண்டுக்கான ஆய்வறிக்கை ஒன்று 458 ஆட்டக்காரர்களை நோக்கி எழுதப்பட்ட ஏறத்தாழ 8,000 வசைகளைக் கண்டறிந்தது. அவற்றில் 40 சதவீதம் பந்தயம் கட்டிப் பணத்தை இழந்தவர்கள் எழுதியவை. காசை இழந்த ஆத்திரத்தில் ஏசியவர்களைச் சூதாட்டம் ஹராம் என்று சொல்லி எளிதில் ஒதுக்கிவிடலாம். ஒரு சதமும் இழக்காமல் சிரித்த என்னை எதில் சேர்ப்பது?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தை நாங்கள் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே ஓதினோம். ஒரு கூட்டத்தார் மற்றவர்களைப் பரிகாசம் செய்வதையும், வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் நம்புவதையும் அந்த ஒரே அத்தியாயம் தடுக்கிறது. பெண்களைத் தனியே விளித்தும் பரிகாசத்தைத் தடுத்திருப்பதை உஸ்தாத் விளங்கப்படுத்தியது நினைவிருக்கிறது. பரீட்சையில் இதற்கு எனக்குப் புள்ளியும் கிடைத்தது. அன்றிரவு அந்த மீமை அனுப்ப எனக்கு எடுத்தது இரண்டு விநாடி. வாப்பா தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும் நேரம் நான் பொறுத்திருந்தால் அடுத்த இன்னிங்ஸ் தொடங்கியிருக்கும், எனக்கும் சிரிப்பு ஆறியிருக்கும். இப்போது அதைத்தான் செய்ய முயல்கிறேன். ஆட்டம் முடியும்வரை குழுவில் எதுவும் போடுவதில்லை. கையில் அரிப்பெடுத்தால் வாப்பாவோடு சேர்ந்து தொலைக்காட்சியை ஏசுகிறேன். உம்மாவுக்குத்தான் இப்போது இரட்டைத் தொல்லை.

வெல்லாலகே வீட்டுக்கு வந்து, தந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அணியோடு மீண்டும் சேர்ந்தார். செப்டெம்பர் 20ஆம் திகதி துபாயில் பங்களாதேஷுக்கு எதிராக இறங்கினார். இரண்டே நாட்கள். அவர் பந்து வீச வந்தபோது நானா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார், ஏனென்று தெரியாது. இலங்கை அன்று தோற்றது. நான் குழுவைத் திறந்து பார்த்தேன். எனது பெயருக்குக் கீழே அழிக்கப்பட்ட செய்தியின் அடையாளம் அப்படியே இருந்தது. மச்சி ஒருத்தி எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது.